இரண்டாம் பக்கம்

லைன் கட்டாகவில்லை அம்மாடி, நான்தான் பேசாமல் நின்றேன். கேக்குதாம்மா, கேக்குதாம்மா என்று நீ மூன்று தடவை கேட்டாய். கேட்டது. நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நலம் என்று நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், இந்த வயதில் அதற்குப் பெயர்தான் நலம். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வீடு முழுக்க அதைத் தேடுகிறார், கிடைத்ததும் என்னைத் திட்டுகிறார். உன் அறை ஜன்னல் கதவு மழையில் உப்பிப்போய் மூட மறுக்கிறது, தச்சர் இதோ வருகிறேன் என்று சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. மற்றபடி எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது, ஹால் கடிகாரத்தைத் தவிர. அதை இன்று காலை கழற்றிவிட்டேன். சுவரில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிகிறது. ஏன் கழற்றின என்று அப்பா கேட்கவில்லை. மணி என்ன என்று மட்டும் கேட்டார்.

இதை எழுதுவது ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில், விசாரணை அறைக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சில். பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்களாம். இப்போது ஒன்பதரை. மடியில் துணிப்பை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருவர் பையைப் பார்த்ததற்கே எனக்கு வியர்த்தது. பணம் இல்லை. காகிதம்.

நீ போனில் சொன்னாயே, பிரசவத்துக்குப் பதிவு செய்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஃபார்ம் வந்தது, மாப்பிள்ளையே நிரப்பி அனுப்பிவிட்டார், சாப்பாடு சாமி அது இதுன்னு ஒரு பக்கம் இருந்துச்சும்மா, எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டார், ஒரே நிமிஷம், என்று சிரித்தாயே. அங்கேதான் என் குரல் நின்றது. அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியில் அது அட்மிஷன் ஃபார்மின் இரண்டாம் பக்கம். நான்கு கேள்விகள். உணவில் கவனிக்க வேண்டியது என்ன. வழிபாட்டுக்கு ஏதாவது வேண்டுமா. உடலைத் தொடுவதிலும் மறைப்பதிலும் விருப்பம் என்ன. இறக்க நேர்ந்தால் யார் என்ன செய்ய வேண்டும். கீழே அச்சில், நோயாளியிடம் கேட்டு எழுதப்பட்டது. அதற்கும் கீழே நர்ஸின் கையெழுத்து.

உனக்குப் பத்து வயதிருக்கும். காய்ச்சல் காலம், ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்து விழுந்தார்கள், வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்தோம். மூச்சு வாங்குகிறவனிடம் உன் வழிபாடு என்ன என்று எப்படிக் கேட்பது? சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து இரண்டாம் பக்கங்களை மட்டும் தனியே எடுத்து, நான்கு கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை, இல்லை என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி மூன்றாவது டிராயரில் வைத்தேன். ஆள் வந்ததும் ஒன்றை உருவிச் செருக வேண்டியதுதான். காய்ச்சல் போய்விட்டது. கட்டு போகவில்லை. மற்ற வார்டுக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய் அதையே செய்தார்கள். வேலையை எளிதாக்கினதற்காக அந்த ஆண்டு விழாவில் எனக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். ஹால் கடிகாரம். நீ மணி பார்க்கப் பழகியதே அதில்தான்.

பத்தொன்பது நாளுக்கு முன் ஏழாம் கட்டிலுக்கு ஒரு தையல்காரம்மா வந்தார். ஐம்பது வயதுக்குள். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷனுக்கு முன் அவர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பெயர் எழுதி ஒட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தோம். அவ்வளவு ஒழுங்கு எங்களுக்கு. திருப்பிக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாளிலிருந்து அவர் சாப்பிடவில்லை. கட்டிலோடு ஒட்டினாற்போல் சக்கரம் வைத்த மேசை உண்டே, சாப்பாட்டுத் தட்டை அதன்மேல்தான் வைப்போம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் மூத்திரப் பையைக் குடுவையில் ஊற்றி அளவு பார்ப்பதும் அதே மேசையில்தான், தரையில் வைத்தால் கோடு கண்ணுக்குத் தெரியாது. பிறகு மருந்து போட்டுத் துடைக்கிறோம். கிருமி இல்லை. அது உண்மை. முதல் நாளே அவர் என் கையைத் தொட்டு, சிஸ்டர், இந்த மேசை, என்று ஆரம்பித்தார். நல்லாத் துடைச்சிட்டோம்மா, பயப்படாம சாப்பிடுங்க என்றேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சார்ட்டில் எழுதினேன்: உணவை மறுக்கிறார்.

எழுதினது நிலைத்துவிடும் அம்மாடி. அடுத்த ஷிப்டுக்காரி அதைப் படித்து அதையே எழுதினாள். மூன்றாம் நாள் டாக்டர் அதைப் படித்து மனச்சோர்வு என்று எழுதினார். நான்காம் நாள் மூக்கு வழியாக ட்யூப். அவர் பிடுங்கிப் போட்டார். மறுபடி போட்டோம், கைகளைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டினோம். கட்டின கைகள் தலைப் பக்கமே இழுத்துக்கொண்டிருந்தன. ட்யூபைப் பிடுங்கத்தான் என்று முடிச்சை இன்னும் இறுக்கினோம்.

எங்கள் வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள், புயல் என்று கூப்பிடுவோம், அவள் வந்து போனால் நாற்காலிகூட இடம் மாறியிருக்கும். ஐந்தாம் நாள் புயல் வந்து என் மேசைமேல் கையை ஊன்றி நின்றாள். சிஸ்டர், மூத்திரம் அளக்குற மேசையில உங்க டிபன் பாக்ஸைத் திறப்பீங்களா, என்றாள். நான் சிரித்தேன். அந்தம்மாவுக்குத் தட்டைத் தனியா ஸ்டூல்ல வச்சேன், கைக்குத் தண்ணி ஊத்துனேன், தலையில என் துண்டைப் போட்டு விட்டேன், நாலு கரண்டி கஞ்சி உள்ள போச்சு, ட்யூபைக் கழட்டுங்க என்றாள். கட்டை அவிழ்த்திருக்கிறாள், டாக்டரைக் கேட்காமல் வாயில் கொடுத்திருக்கிறாள், எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நீ எப்ப டாக்டர் ஆனே, போய் பாத்ரூமைக் கழுவு என்றேன். வார்டே சிரித்தது. அவள் போய்க் கழுவினாள். நான் போய் மறுபடி கட்டினேன். என் கையால், இரண்டு முடிச்சு. மறுநாள் காலை, எப்படியோ பாதி வெளியே வந்திருந்த ட்யூபில் பால் ஏற்றினார்கள். அது நுரையீரலுக்குள் போயிற்று.

இப்போது கண்ணாடி அறையில் மூச்சு மெஷினில் இருக்கிறார். பிழைப்பார் என்றும் சொல்வதில்லை, மாட்டார் என்றும் சொல்வதில்லை. தங்கை வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் போகும்போதும் வரும்போதும் எழுந்து நிற்கிறாள், அதுதான் தாங்கவில்லை. அக்கா எப்பவும் பேசிக்கிட்டே இருப்பா சிஸ்டர், தையல் மெஷின் சத்தத்தையும் மீறிப் பேசுவா, நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பாளே, கேட்டீங்களா, என்றாள். சண்டைக்கு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஃபார்மில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்றைக்கே பெரிய டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தங்கச்சி புகார் எழுதிக் குடுத்திருக்கா, ஆனா ரெண்டாம் பக்கம் நம்ம கையில இருக்கு சிஸ்டர், நாலு இல்லை, கீழே உங்க கையெழுத்து, கேட்டோம் அவங்க இல்லைன்னாங்க, அவ்வளவுதான், நீங்க ஒண்ணும் பேச வேணாம், பேப்பர் பேசும், என்றார். இன்னும் பதினாலு மாசம்தானே உங்களுக்கு என்று அன்பாகவும் கேட்டார். பென்ஷனைச் சொல்கிறார்.

யோசித்துப் பார்த்தேன். யாரும் யாரையும் வெறுக்கவில்லை. தையல்காரம்மாவின் சாமிமேலோ துணிமேலோ வார்டில் ஒருவருக்கும் பகை கிடையாது. அது பகையாக இருந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். அவர் வந்து படுப்பதற்கு முன்பே அவருக்காக ஒருவர் பதில் எழுதிவைத்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒருவர் உனக்குத் தலை பின்னிவிட்டவள்.

ஆகவே சொல்கிறேன். நாளைக்கே போய் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கேள். மாப்பிள்ளையைக் கோபிக்காதே, அவர் செய்ததை நான் பதினெட்டு வருஷம் செய்திருக்கிறேன். நீ பதினோரு வயதில் மாமிசம் வேண்டாம் என்று தட்டை நகர்த்தினவள், மயக்கம் தெளிகிறபோது சூப் என்று எதையாவது ஊட்டுவார்கள், அதை எழுது. ஊசிக்கு முன் கண்ணை மூடி ஒரு வரி முணுமுணுப்பாயே, அது முடியும்வரை காத்திருக்கச் சொல்லி எழுது. யார் தொடலாம், யார் தொட்டால் உடம்பு உறையும் என்று உனக்குத் தெரியும், வெட்கப்படாமல் எழுது. நான்காவது கேள்விக்கு ஒன்றும் எழுதாதே. அதை என்னிடம் விட்டுவிடு. வலியில் நாக்கு எழாது, அப்போது காகிதம்தான் உனக்காகப் பேசும், அது உன் வார்த்தையாக இருக்கட்டும். தண்ணீர் நிறையக் குடி. இடது பக்கம் சாய்ந்து படு. படியில் கைப்பிடியை விடாதே.

நீயும் குழந்தையும் இரண்டு உயிராகப் பிரிந்து இரண்டும் முழுசாக வீடு வந்து சேர வேண்டும் என்பதைத் தவிர இப்போது எனக்கு வேறு பிரார்த்தனை கிடையாது. அப்பாவும் கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார், மறு கையால் கண்ணாடியைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள். அந்தப் பக்கத்தை மறக்காதே.

உன்னை மட்டும் எதையும் கேட்காமலே புரிந்துகொண்டதாக நினைத்திருந்த,
அம்மா

பி.கு. பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். உட்காருங்க சிஸ்டர் என்றார் பெரிய டாக்டர். நான் உட்காரவில்லை. பையிலிருந்து கட்டை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, நாற்பத்தொரு பக்கங்களையும் அவர்கள் முன்னால் பரப்பினேன். எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருந்தது, ஒன்றிலும் நோயாளி பெயர் இல்லை. பிறகு கீழே இறங்கி, கண்ணாடி அறைக்கு வெளியே அந்தத் தங்கை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எழுதாத இரண்டாம் பக்கம் ஒன்றை மடியில் வைத்து, முதல் கேள்வியைக் கேட்டேன்.