படத்தில் இல்லாத பதினோரு செடிகள்

பிப்ரவரி 9

இன்று நான் பெரிய உழைப்பாளி. 1843-இல் வரைந்த தோட்டப் படத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத செடிகளையெல்லாம் பண்ணையை விட்டுத் துரத்தினேன். இந்தப் பழைய பண்ணையை அந்தக் காலத்தில் இருந்தபடியே பார்வையாளர்களுக்குக் காட்டவேண்டும், தோட்டக்காரியான என் வேலை அது. பழைய நெல் வயலுக்கு மேலே, ஓக் மரத்தடியில் பதினோரு யூக்கா. கத்தி மாதிரி இலை, தொடை தடிமனுக்கு வேர். "இதை ஏன் எடுக்கிறே?" என்றார் பண்ணை இயக்குநர் பிரென்டிஸ். "படத்துல இல்லையே சார்" என்றேன். என் தாவரவியல் பட்டம் பேசியது. மே மாதம் அங்கே புல்டோசர் வருகிறது, கல்யாணம் நடத்தப் புல்வெளி போட.

பிப்ரவரி 10

முதுகு. உட்கார முடியவில்லை.

மார்ச் 3

பெரியப்பா மகள் லுர்லீன் அக்கா தேவாலயப் பெண்களோடு தோட்டம் பார்க்க வந்தாள். கமேலியாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே ஓக் மரத்தடிக்குப் போனாள்.

"ஏண்டி வெர்டெல், கத்திச் செடியெல்லாம் எங்கடி?"

"பிடுங்கி எரிச்சாச்சுக்கா. பழைய படத்துல இல்ல."

"படம் போட்டது யாரு? நம்மாளுங்களை அடிமையா வச்சிருந்த முதலாளி. அவன் நம்ம பொணத்தையா படத்துல போடுவான்? கல்லு வைக்க விடலைன்னுதானே தலைமாட்டுல இதை நட்டாங்க. உனக்குத் தெரியாது?"

தெரியும். அதுதான் கேவலம். அப்பாவின் தலைமாட்டில் யூக்கா நட்டதே நான்தான். கல்லறையில் அது அடையாளம். சம்பளம் வாங்கும் இடத்தில் களை. இப்படியொரு மண்டை எனக்கு மட்டும்தான் வாய்க்கும். காரில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 5

பிரென்டிஸிடம் சொன்னேன்: இங்கே அடிமைகளாக நெல் நட்ட எங்கள் ஆட்கள் அந்த மரத்தடியில்தான் கிடக்கிறார்கள், புல்டோசர் வரக்கூடாது. அவர் கெட்டவர் இல்லை. படத்தை விரித்து விரலால் தேடினார்.

"படத்துல இல்லையே வெர்டெல். ஆதாரம் இருந்தா அறங்காவலர்கள்கிட்ட பேசலாம்."

ஆதாரத்தை எரித்து, சாம்பலை ரோஜாவுக்குப் போட்ட புண்ணியவதி நான்.

மார்ச் 6

தெரிந்தே பிடுங்கினேன் என்று அறங்காவலர்களிடம் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? — ச்சீ, இதையெல்லாம் ஒரு கேள்வியென்று எழுதுகிறேன் பார்.

மார்ச் 17

சார்ல்ஸ்டனிலிருந்து பண்ணையின் அறங்காவலர்கள் வந்தார்கள். எழுதிவைத்ததை நின்றுகொண்டு படித்தேன். "பதினோரு சமாதி அடையாளங்களை வெர்டெல் கிரேசன் ஆகிய நான் என் கையால் பிடுங்கினேன்." "எங்கள் வழக்கம் தெரிந்திருந்தும்" என்ற வரியில் ஒரு அம்மாள் நிமிர்ந்தார்.

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தாம்மா."

நிலத்துக்குள் பார்க்கும் கருவி வரும்வரை புல்வெளி வேலை நிறுத்தம். என் விஷயம் பிறகாம்.

அக்கா போனில் சொன்னாள்: "வேலை போனா என் கடைக்கு வந்துடு. இறால் உரிப்பேல்ல? அதையாவது படம் பாக்காம செய்வே." சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 20

வேரோடு பிடுங்கியதாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே, அங்கே ஏழு முளை. என் வேலையில் குறை இருந்ததற்காக முதல்முறையாக மண்டியிட்டு நன்றி சொன்னேன்.

மே 12

கருவிக்காரர் மூன்று நாள் நடந்தார். நான் பிடுங்கிய பதினோரு இடத்திலும் ஆள் நீளத்துக்குத் தோண்டி மூடிய தடம். புல்வெளி ஆற்றங்கரைக்குப் போகிறது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், வேலை இருக்கிறது. புதுப் படம் ஒன்று வரையச் சொன்னார் பிரென்டிஸ்.

மே 14

மிச்சமிருந்த ஓரத்தையும் கருவிக்காரர் இன்று பார்த்தார். பன்னிரண்டாவதாக ஒருவர் இருக்கிறார். செடி இல்லை, எதுவும் இல்லை. என் எருக்குவியலுக்கு நேர் அடியில். ஒன்பது வருடமாக அழுகல் இலை, காப்பிச் சக்கை, செத்த எலி என்று எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டினேன்.

"ஆளுங்களை அனுப்பறேன்" என்றார் பிரென்டிஸ். வேண்டாம் என்றேன். நானே கூடை கூடையாக அள்ளினேன். தரை தெரியும்போது மணி நாலு. ஐயா என்று கூப்பிடுவதா, அம்மா என்று கூப்பிடுவதா, அதுகூடத் தெரியவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன்.