மடூரா ஏற்றத்தில் நிற்காத வண்டி

நார்ஸ்மன், வீட்டுவண்டிகள் தங்குமிடம்
ஆகஸ்ட் 14, வியாழன்

அன்புள்ள லயனலுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. ஆனால் அது எப்போதுமே என் பேச்சைக் கேட்டதில்லை. நீயும் மொராகும் குழந்தைகளும் அபர்தீனில் சளி இருமல் இல்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இங்கே ஆஸ்திரேலியாவில் குளிர்காலம், அங்கே கோடை என்று பெயருக்கு ஒன்று வந்திருக்குமே, அதை நம்பி சின்னவளைக் கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே விடாதே. உன் கடைசி மின்னஞ்சல் வந்தது. அதில் மூன்று வாக்கியங்களுக்கு எழுவாயே இல்லை. சிஸ்டர் பெர்பெச்சுவா இருந்திருந்தால் தலையில்லாத கோழி எங்கே ஓடுகிறது என்று கேட்டு, வகுப்பு முழுக்க உன்னை நிற்க வைத்திருப்பார். எழுவாய் இல்லாவிட்டாலும் நிபந்தனை எனக்குத் தெளிவாகவே புரிந்தது. செடூனாவுக்கும் நார்ஸ்மனுக்கும் நடுவில் அந்த என்ஜின் ஒரு தடவை நின்றாலும் நம் வீட்டுவண்டியை, விலைக்குக் கேட்ட ஜீலாங்காரருக்கு விற்றுவிட்டு, பல்லரட்டில் நீ பிடித்து வைத்திருக்கும் முதியோர் குடியிருப்பு வீட்டுக்கு நான் போய்விட வேண்டும். நானும் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையெழுத்திலிருந்து நான் பின்வாங்குகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எப்படியும் உன் காதுக்கு வரத்தான் போகிறது, அது என்னிடமிருந்தே வரட்டும். நல்லார்பார் சாலையில் இப்போது என் கதையைத் தெரியாதவர் யாரும் இல்லை.

முதலில் என்ஜினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதைப் பற்றிக் கேலியாகவே எழுதுகிறாய். உன் அப்பா இருந்தவரை அந்தப் பழைய பெட்ரோல் என்ஜின் குடித்ததை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். அவர் போன பிறகு அதற்கு ஊற்றிக் கட்டுபடியாகவில்லை. ஒரு பம்பைக் கண்டால் அடுத்த பம்ப் எங்கே என்று தேடும். ஏற்றம் வந்தால் பெருமூச்சு விடும், கொதிக்கும், இரண்டு இருக்கைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பேசவே விடாது. உன் சித்தப்பா டெஸ்மண்ட் பால் லாரிகளைப் பழுது பார்த்தே ஆயுளைக் கழித்தவர், அவருக்குக் கை சும்மா இருக்காது. விபத்தில் நசுங்கிப்போன ஒரு ரொட்டி லாரியிலிருந்து நாலு சிலிண்டர் டீசல் என்ஜினை எடுத்து, வார்னம்பூலில் தன் கொட்டகையில் வைத்துப் போன குளிர்காலம் முழுக்க நோண்டினார். என்ஜினை மாற்றினால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி இல்லையாம். டீசல் நிதானமாகச் சுற்றுகிற ஜாதி, பழைய பின் அச்சின் பல்சக்கரத்தோடு அதைக் கட்டினால் மெதுவாகப் போகும்போதே தொண்டை கிழியக் கத்தும் என்று அதையும் மாற்றினார். பெரிய ரேடியேட்டர், ஐந்து கியர், பவர் ஸ்டீயரிங், கால் வைத்தாலே இறங்குகிற கிளட்ச். கடைசியில் அரசாங்கப் பரிசோதகர் வந்து குனிந்து நிமிர்ந்து பார்த்து அனுமதித் தகடு அடித்துவிட்டுப் போனார். இப்போது அது குடிப்பது முன்பு குடித்ததில் பாதி. டர்போ மட்டும் கெட்டில் கொதிப்பது போல மெல்ல விசிலடிக்கிறது, அது எனக்குப் பிடித்தே இருக்கிறது. ஆனால் உன் சித்தப்பாவின் பெருமைதான் தாங்க முடியவில்லை. செடூனாவிலிருந்து யூக்லா வரை அரை மணிக்கு ஒரு தடவை, "இமெல்டா, டீசல் முள்ளைப் பாரேன், அசையவே மாட்டேங்குது! சத்தமும் இல்ல பாரு!" என்றார். நான் ஜெபமாலையை எத்தனை தடவைதான் முதலிலிருந்து தொடங்குவது?

யூக்லாவில் காலையில் சண்டை வந்தது. வண்டியின் குளிக்கும் அறைக்குள் அவர் பழைய கார்புரேட்டரையும் எண்ணெய் வழியும் இரண்டு கருவிப்பெட்டிகளையும் வைத்திருந்தார். கழிப்பறைக்குப் போகும் வழியும் அதுதான். நான் எடுக்கச் சொன்னேன். "ஒருவேளை தேவைப்பட்டா?" என்றார். டீசல் என்ஜினுக்குக் கார்புரேட்டர் எதற்கு என்று கேட்டேன். "அது அண்ணன் கையால கழட்டி மாட்டினது" என்றார். தலைவலி என்று சொல்லி, பின்கட்டிலுக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டேன். அடுத்த தடவை டீசல் போட நிற்கும்வரை என்னைக் கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னேன். பழைய என்ஜின் காலத்தில் அதற்கு அர்த்தம் ஒரு குட்டித் தூக்கம். இப்போது அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

யூக்லாவைத் தாண்டி ஒரு சாலையோர விடுதியில் ஏதோ ஒரு ரப்பர் குழாயின் வளையத்தை முறுக்குவதற்காக அவர் நிறுத்தினார். கழிப்பறைக்குப் போக வழியில்லாததால் நான் பின்கதவு வழியாக இறங்கி விடுதிக்குள் போனேன். வீட்டுக் கவுன், உன் அப்பாவின் செருப்பு, தலையில் சுருள் உருளைகள். கைப்பை இல்லை, கண்ணாடி இல்லை, செல்பேசியும் இல்லை. திரும்பி வந்தால் வண்டி நின்ற இடத்தில் சின்னதாக ஒரு எண்ணெய்ப் பொட்டு மட்டும் இருந்தது. பழைய என்ஜினாக இருந்தால் கிளம்பும் சத்தத்தில் விடுதியின் ஜன்னலே அதிர்ந்திருக்கும். நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்திருப்பேன். இது பூனை மாதிரி போய்விட்டது. கல்லாவில் இருந்த டோரீன் என்ற பெண் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்டுக்காரர் விட்டுட்டுப் போய்ட்டாரா?" என்றாள். அவர் என் வீட்டுக்காரர் இல்லை, என் கணவரின் தம்பி என்றேன். "அதுக்கென்ன, மாசத்துக்கு ஒருத்தியாவது இப்படி விட்டுட்டுப் போறாங்க. போன மாசம் ஒருத்தர் நாய மறக்கல, பொண்டாட்டிய மறந்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் கூப்பிட ஆரம்பித்தாள். பதில் இல்லை, செல்பேசிக்கும் அந்தச் சாலையில் சிக்னல் கிடையாது. உன் சித்தப்பா என் தூக்கம் கெடக்கூடாது என்று ரேடியோவை அணைத்து வைத்திருக்கிறார். வாழ்நாளில் அவர் எனக்குக் காட்டிய ஒரே கரிசனம் அதுதான், அதையும் அன்றைக்குத்தான் காட்டினார்.

இரண்டு பெட்டி கோத்த பெரிய லாரி ஒன்று அங்கே நின்றது. அதன் ஓட்டுநர் டரில் கரடி மாதிரி இருந்தார், ஆனால் நல்ல மனிதர். "ஏறுங்கம்மா, பழைய வீட்டுவண்டிதானே, அடுத்த மேட்டுல மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கும், புடிச்சிரலாம்" என்றார். ஏணி மாதிரி படிகளில் என்னை ஏற்றிவிட்டு, ரேடியோவை எடுத்து, "ஆரஞ்சுக் கோடு போட்ட பழைய வீட்டுவண்டியப் பாத்தா நிறுத்துங்கப்பா, அம்மாவ விட்டுட்டுப் போய்ட்டாரு" என்று சாலை முழுக்கச் சொன்னார். எதிரே வந்தவர்கள் எல்லோரும் பதில் சொன்னார்கள். ஒருவர், "பாத்தேன், விளக்கடிச்சேன், சந்தோஷமாக் கை காட்டிட்டுப் போறாரு" என்றார். இன்னொருத்தி, "நான் ஹாரன் அடிச்சுக் கத்தினேன், கட்டைவிரலத் தூக்கிக் காட்டுறாரு" என்றாள். அந்தச் சாலையில் எதிரெதிரே போகிறவர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்கிக் காட்டாமல் போகமாட்டார்கள், அது மரியாதை. ஆனால் விளக்கடித்து, ஹாரன் அடித்து, ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் ஆட்டினால் வேறு ஏதோ என்று எந்த மனிதனுக்கும் தோன்றும். உன் சித்தப்பாவுக்குத் தோன்றவில்லை. புது என்ஜினைப் பார்த்து ஊரே பாராட்டுகிறது என்று நினைத்திருக்கிறார். டோரீன் விடுதிப் போனில் சொல்லிவைத்ததால் முண்ட்ரபில்லாவில் ஒரு ஆள் மேஜைத்துணியோடு சாலைக்கே ஓடி வந்து வீசியிருக்கிறான். அவனுக்குத் தலை தாழ்த்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மடூராவில் நிற்பார் என்றுதான் உறுதியாக நம்பினேன். அந்த ஏற்றத்தில் ரேடியேட்டரை ஆறவிடாமல் எங்கள் வண்டி ஒருநாளும் போனதில்லை. உன் அப்பாவும் நானும் எத்தனை தடவை அங்கே பாறைமேல் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டிருக்கிறோம். போய்ப் பார்த்தால் இல்லை. எதிரே இறங்கி வந்த ஒருவர் ரேடியோவில், "நாலாவது கியர்ல ஏறிப் போறாருப்பா, புகைகூட இல்ல" என்றார். டரில் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, அதுல என்ன என்ஜின் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். லயனல், கவுனோடு, கண்ணாடி இல்லாமல், அந்நியர் ஒருவரின் லாரியில் உட்கார்ந்திருந்த நிலையிலும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பின் அச்சை மாற்றியதிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் தன் லாரியை ஒரு மிதி மிதித்தார்.

காக்கில்பிடிக்கு இந்தப் பக்கம் சாலையோர ஒதுக்கிடம் ஒன்றில் வண்டியைக் கண்டோம். மடக்கு நாற்காலி ஒன்றை வெளியே போட்டு உன் சித்தப்பா உட்கார்ந்திருந்தார், ஸ்டூல்மேல் இரண்டு கோப்பை. டீ போட்டு, திரைக்கு வெளியே நின்று கூப்பிட்டாராம், பதில் வரவில்லை, நான் இன்னும் கார்புரேட்டர் கோபத்தில் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, ஆறட்டும் என்று வெளியே காத்திருந்தாராம். லாரியிலிருந்து நான் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் வண்டியின் ஜன்னலைப் பார்த்தார், அப்புறம் மறுபடி என்னை. "நீ உள்ளதானே தூங்கிட்டிருந்த?" என்றார். "இருந்தேன்" என்றேன். டரில் குறுக்கே வந்து, "சார், திட்டு வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, டீசல் எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்டார். அந்த மனிதர், அந்த நேரத்தில், முகம் மலர்ந்து, "பாதி டேங்குக்கு மேல!" என்றார். நான் டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. ஏதாவது பேசினால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய வார்த்தைகள் வந்துவிடும் என்பதால் அடிவரை குடித்தேன்.

லாரி போன பிறகுதான் உன் சித்தப்பாவுக்கு உறைத்தது. எத்தனை தடவை முயன்றும் சாவியைத் துவாரத்தில் போட முடியவில்லை. "ரோட்டுல மயங்கி விழுந்திருந்தா? அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று அழுதேவிட்டார். நான் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். உன் அப்பா போன பிறகு நான் அதில் உட்காரவில்லை. பழைய கிளட்சை மிதிக்க ஒரு மாட்டின் கால் வேண்டும். இப்போது என் முழங்காலே போதுமாக இருந்தது. அந்த வளைவே இல்லாத நீண்ட நேர்ச்சாலை முழுவதையும் நான்தான் ஓட்டினேன், எதிரே வந்த ஒவ்வொருவரும் ஹாரன் அடித்தார்கள், இம்முறை அது பாராட்டுதான். பல்லடோனியா தாண்டிய பிறகு உன் சித்தப்பா மெல்லக் கேட்டார், பல்லரட்டில் லயனல் பார்த்திருக்கிற வீட்டில் கொட்டகை போட இடம் இருக்கிறதா என்று. பின்புறம் பொதுப் பட்டறையே இருக்கிறது, லேத் மெஷின்கூட உண்டு என்றேன். அப்புறம், "எனக்குக் காதும் சரியில்ல இமெல்டா, ரெண்டு வருஷமா. யார்கிட்டயும் சொல்லல. அந்த வீட்டுக்கு நான் போறேனே" என்றார். காது கேட்காதவர் என்ஜின் அமைதியாக ஓடுகிறது என்று பெருமைப்பட்டதை நான் சுட்டிக்காட்டவில்லை. அன்றைக்கு நான் செய்த ஒரே தர்மம் அது.

ஆகவே லயனல், என்ஜின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நின்றிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. ஆனால் உன் கவலை என்ஜினைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் எதையும் மறைக்கவில்லை. ஜீலாங்காரருக்கு வண்டி விற்பனைக்கு இல்லை என்று மரியாதையாக, எழுவாயோடு, எழுதிவிடு. பல்லரட் வீட்டை உன் சித்தப்பா பெயருக்கு மாற்றச் சொல்லு. அவர் சனிக்கிழமை இங்கிருந்து பஸ்ஸில் கிளம்புகிறார், கார்புரேட்டரைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போகிறாராம். நான் எஸ்பெரன்ஸ் போய்க் கடலைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்புவேன். ரேடியோ திறந்தே இருக்கும். டரில் வாரத்துக்கு இரண்டு தடவை இந்த வழி வருகிறார், நான் எங்கே இருக்கிறேன் என்று சாலை முழுக்கக் கேட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். உன்னைவிட அடிக்கடி விசாரிப்பார் போலிருக்கிறது.

மொராகுக்கு என் அன்பு. ஆண்டவரும் அவருடைய தாயும் உங்கள் எல்லோரையும் தங்கள் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னைவிட நீளமான கடிதம் எழுதுகிறவர்களாக வளரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ குடும்பத்தோடு வண்டி எடுக்கும் முன் பின்னால் இருக்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடு, பதில் வந்த பிறகு நகரு. பதில் வராவிட்டால் கோபமாக இருக்கிறார்கள் என்று நீயாக முடிவு செய்துகொள்ளாதே. எழுந்து போய்த் திரையை விலக்கிப் பார்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து,
உன் அம்மா,
இமெல்டா ராஃபர்ட்டி