குப்பை என்று கூப்பிடச் சொன்னார்கள்

ஜூலை 3, புதன்

தையல் இன்னும் இழுக்கிறது. உட்கார்ந்தால் ஒரு வலி, எழுந்தால் இன்னொரு வலி. பிள்ளை மட்டும் பெரிய மனுஷன் மாதிரிக் கையை விரித்துப் போட்டுத் தூங்குகிறான்.

இன்று பேர்ப் பேச்சு வந்தது. வெயில் என்று வைக்கலாம் என்றேன். ஒரு வாரமாகக் கொட்டின மழை இவன் பிறந்த அன்று காலையில்தான் விட்டது. பிரசவ வார்டு ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வெயில் வந்தது. தமிழிலும் வெயில், மலையாளத்திலும் வெயில். இந்த ஊரில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத பேர், அதுதான் எனக்கு வேண்டும்.

மஹேஷ் சிரித்தான். (நேரில் அத்தான், வாங்க, போங்க. இங்கேயாவது அவன் இவன் என்று எழுதிக்கொள்கிறேன்.) "வெயிலா? அடுத்தது பிறந்தா மழையா?" என்று கேட்டான். நல்ல மூடில்தான் இருந்தான். நானும் சிரித்துவிட்டேன்.

அவன் அம்மா சிரிக்கவில்லை. பேரெல்லாம் முடிவு பண்ணியாயிற்று என்றார்.

குப்பை. அதுதான் பேராம்.

ஜூலை 4

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

நாஞ்சில் நாட்டில் இவர்கள் குடும்பத்தில் பழைய வழக்கமாம். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் கேவலமான பேர் வைப்பார்கள். பேர் வைக்கும் அன்று அதை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைப்பார்கள். நாலு பிள்ளை பெற்று வளர்த்த வெளிப்பெண் ஒருத்தி எடுத்துக்கொள்வாள். பெற்றவள் தவிடு கொடுத்து அவளிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டும். வேண்டாத பிள்ளை, யாரோ எறிந்த பிள்ளை என்று எமன் நினைத்துக்கொண்டு போய்விடுவானாம்.

சரி அத்தை, வீட்டில் அப்படிக் கூப்பிடுங்கள், சர்டிபிகேட்டில் வெயில் என்று இருக்கட்டும் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பேரு வச்சா எமனுக்குத் தெரிஞ்சுபோவும் மக்ளே. ஏற்கனவே ரெண்டு போச்சு. இதையாவது காப்பாத்தாண்டாமா?"

ரெண்டு போச்சாம்.

போகவில்லை. முதலாவது மூன்றாம் மாதம், குளிமுறி ஈரத்தரையில் அவன் பிடித்துத் தள்ளினதில். இரண்டாவது ஐந்தாம் மாதம். கழக்கூட்டத்திலிருந்து ஆபீஸ் பஸ் தாமதமாக வந்தது, யாரோடு சுற்றிவிட்டு வருகிறாய் என்று கேட்டு வயிற்றில் மிதித்தான். மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது இந்த அத்தைதான். எமன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாதா? காலையில் புட்டும் கடலையும் தின்றுவிட்டு ஆரியசாலைக்குக் கடை திறக்கப் போகிறான்.

குப்பை என்று ஒரு தடவை நான் என் பிள்ளையைக் கூப்பிட்டால் போதும், அந்த இரண்டையும் எமன்தான் கொண்டுபோனான் என்று நானே சொன்னதாகிவிடும். மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

ஜூலை 9

இன்று என்னை அடிக்கவில்லை. கதவைத்தான் அடித்தான்.

ஜூலை 13, சனி

பேரை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று இன்றும் சொன்னேன். பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். முடியைப் பிடித்து அலமாரியில் மோதினான், இரண்டு தடவை. பிள்ளையைக் கீழே விட்டுவிடக் கூடாது என்று ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததால் தடுக்கக்கூட முடியவில்லை. பிள்ளை நெற்றியில் ரத்தம் சொட்டினது. பிள்ளையின் ரத்தம் என்று நினைத்து அலறிவிட்டேன். என்னுடையதுதான். துடைத்துவிட்டு அந்தப் பக்கம் மாற்றிப் போட்டுப் பால் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

நான் அலறினதும் பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கூடினது. நாகலக்ஷ்மியக்கா. எப்போதும் அப்படித்தான். ஒரே சுவர், எல்லாம் கேட்கும். கேட்கக் கூடாது என்று சீரியலைக் கூட்டி வைத்துவிடுவார்.

கை அழுகிப் போகட்டும் அவனுக்கு. சவம். அடுக்களையில் அரிவாள்மணையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. பிள்ளை அழுததால்தான் வெளியே வந்தேன்.

ஜூலை 14

காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். நேரம் சரியில்லையாம், கடையில் பிரச்சினையாம், நான்தான் பேசிப் பேசிக் கோபப்படுத்துகிறேனாம். ஒட்டுப்பிளாஸ்டரை அவனே ஒட்டிவிட்டான். இந்தத் தடவை கர்ப்பமாக இருந்தபோது டாக்டர் படுக்கையில் இருக்கச் சொன்னார் என்று பொய் சொல்லிக் கூடப்பிறந்த அக்கா அஞ்சுவின் ஃப்ளாட்டில் கிடந்தேன், அதனால்தான் பிள்ளை பிழைத்தான். பிள்ளை பிறந்ததும் மஹேஷ் இதே மாதிரி வந்து அழுதான், நானும் வண்டியில் ஏறி வந்தேன், ஆரத்தி எடுத்தார்கள். மடச்சி.

போகிறேன் என்றேன். அழுகை நின்றது. "நீ போ. பிள்ளை எனக்குள்ளது. அதைத் தொட்டுட்டு இந்த வாசலைத் தாண்டினா ரெண்டு பேரையும் சேத்து முடிச்சிருவேன், கேட்டியா." சத்தமே போடாமல் சொன்னான். வெளிக்கதவுச் சாவி அத்தையின் இடுப்பில் இருக்கிறது.

அஞ்சு போனில் அழுகிறாள். இருபத்தெட்டாம் நாள் பேர் வைக்கிறார்கள், அன்றைக்கு நீ வந்துவிடு என்றேன். அன்றைக்கு ஆட்கள் நிறைய வருவார்கள், கதவு திறந்திருக்கும்.

ஜூலை 19

மதியம் சாப்பிட வந்தவன், பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை என்று தொட்டிலைக் காலால் உதைத்தான். ஸ்டாண்டோடு சாய்ந்தது. பிள்ளை வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. எனக்கு உலகமே நின்றுபோயிற்று. பிறகுதான் அழுதான்.

நான் கடித்தேன். அவன் கையை, நாய் மாதிரி, தோல் கிழிகிறவரை. ரத்தத்தின் ருசி இன்னும் வாயில் இருக்கிறது. சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள். அவன் என்னைக் கீழே தள்ளி, இடது கையைச் செருப்புக்காலால் மிதித்து நசுக்கினான். மோதிர விரல் ஒடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அத்தை ரெண்டு ஈர்க்குச்சி வைத்துத் துணியால் கட்டிவிட்டார். பேர் வைத்தால் எல்லாம் சரியாகும் என்று மட்டும் சொன்னார். உண்மையாகவே நம்புகிறாரோ?

ஜூலை 24, புதன்

கடையிலிருந்து ரெண்டு சாக்கு குப்பை வந்திருக்கிறது. வெங்காயச் சருகும் வற்றல் மிளகாய்க் காம்பும். டவுனில் குப்பைமேட்டுக்கு எங்கே போக, கடைக்குப்பை போதும் என்று அத்தை ஏற்பாடு.

பிள்ளையை எடுக்கிற வெளிப்பெண் நாகலக்ஷ்மியக்காதான். நாலு பிள்ளைகள், நாலும் நன்றாக இருக்கின்றன, ராசியான கையாம். நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வந்தார். என் விரலைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "நாளைக்கு டிவியைக் கொஞ்சம் கொறச்சு வைங்க அக்கா" என்றேன்.

காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

ஜூலை 26, வெள்ளி. அஞ்சு வீடு

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பின்முற்றம் நிறைய ஆட்கள். சொந்தக்காரர்கள், ஆரியசாலைக் கடைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், அஞ்சு. சருகுக் குவியல் மேல் முறம், முறத்தில் பிள்ளை. மிளகாய் நெடிக்குத் தும்மினான், எல்லாரும் சிரித்தார்கள். நாகலக்ஷ்மியக்கா எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அத்தை தவிட்டுப்பெட்டியை என் கையில் கொடுத்தார். "தவிடு தாறேன், பிள்ளையைத் தா" என்று நான் கேட்க வேண்டும். கொடுத்து வாங்கினதும் மஹேஷ் காதில் பேரைச் சொல்வான்.

நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"முன்னால ரெண்டையும் எமன் எடுக்கல்ல. இவருதான் மிதிச்சுக் கொன்னாரு. எனக்க பிள்ளை குப்பை இல்ல."

பெற்ற கிறுக்கு, பச்சை உடம்பு, ஒன்றும் நினைக்காதீர்கள் என்று அத்தை எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார். சிலர் தலையாட்டவும் செய்தார்கள். கொஞ்ச நேரம் போயிருந்தால் நான் கிறுக்கியாகவே ஆகியிருப்பேன். ஆனால் அவனுக்குப் பொறுக்கவில்லை. வந்தான், செவிட்டில் அறைந்தான், விழுந்தவளை வயிற்றில் மிதித்தான். அதே இடம், அதே கால். இத்தனை நாள் கதவை அடைத்துக்கொண்டு செய்ததை ஊர் முன்னால் செய்து காட்டினான். கண்ணெல்லாம் மிளகாய். தொடை ரத்தத்தில் நனைவது தெரிந்தது.

பிறகு நாகலக்ஷ்மியக்காவிடம் கையை நீட்டினான், பிள்ளையைத் தாங்க என்று.

"தவிடு நான் வாங்கல்லியே," என்றார் நாகலக்ஷ்மியக்கா.

அவனுக்கு விளங்கவில்லை. இன்னும் கிட்டே போனான். அக்கா பின்னால் நகரவில்லை.

"வாங்காம எப்பிடித் தருவேன்? குப்பையில போட்டிய, நான் எடுத்தேன். இப்ப இது எனக்க பிள்ளையாக்கும். தொட்டுப் பாரு."

அவன் பாய்ந்தான். அக்காவின் வீட்டுக்காரர் ராஜையன் அண்ணாச்சி குறுக்கே வந்து தாடையில் ஒரு அடி வாங்கினார். அதற்குப் பிறகு மற்ற கடைக்காரர்கள் சும்மா நிற்கவில்லை. நாலு பேர் சேர்ந்து அவனைச் சருகிலேயே அமுக்கிப் பிடித்தார்கள். எனக்கு அது போதவில்லை, இன்னும் அடியுங்கள் என்று கத்தினேனாம். அஞ்சு சொல்கிறாள்.

அக்கா பிள்ளையோடு திறந்து கிடந்த வாசல் வழியாக நடந்தார். அஞ்சு என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். திரும்பிப் பார்த்தபோது அத்தை குனிந்து, சிந்தின தவிட்டை அள்ளிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை என்ன நடந்தது என்பதைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 2

அவனை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். நான் நாள் முழுக்கத் தூங்கினேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பழைய இரண்டையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன். நிற்குமோ நிற்காதோ, வக்கீலுக்கே நிச்சயமில்லை. இன்று வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். சாட்சி சொல்ல நாகலக்ஷ்மியக்காவும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை அவர் மடியில்.

பெண் எஸ்.ஐ. என் பேர், வயது, வேலை எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு, "குட்டிகள் எத்ர?" என்றார், பிள்ளைகள் எத்தனை என்று.

மூன்று என்றேன்.

தலையைத் தூக்கினார். வெளியே பெஞ்சைப் பார்த்தார். பேர்களைக் கேட்டார்.

"ஒருத்தன் வெயில். மத்த ரெண்டுக்கும் பேரு வைக்கிறதுக்குள்ள..." என்றேன்.

அவர் மூன்று என்றே எழுதினார்.