நான்கு குளியலறையும் ஒரு பச்சைக்கிளியும்

என் செல்லக் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கி சௌக்கியமாக இருப்பாய் என்ற நினைப்போடுதான் பேனாவைத் திறந்திருக்கிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். லிஃப்ட் மட்டும் நலமில்லை, போன மாதம் நின்றது நின்றபடியே இருக்கிறது, நான் படியேறி இறங்கி கால்சட்டை இடுப்பில் இரண்டு விரல் தளர்ந்துவிட்டது. சித்தி மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, சித்தி அதைப் போனில் மூன்று தடவை சொன்னாள், நாங்களும் மூன்று தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரியே சந்தோஷப்பட்டோம். சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில், அப்பா என் கணக்கிலிருந்து ஏதோ மாதச் சந்தான்னு பணம் போயிருக்கே என்ன அது என்று கேட்டாய். நான் மருந்து என்றேன். மருந்துக்கு எதுக்குப்பா சந்தா என்று நீ கேட்டதும், சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அது மருந்தும் இல்லை. அவசரத்துக்கு வச்சுக்கோங்க என்று நீ கொடுத்துவிட்டுப் போன அட்டையில் நான் ஏலம் கேட்டேன் அம்மாடி. பொய் சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை, அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன், படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

எல்லாம் தரைத்தளத்துத் தையல்காரரின் இஸ்திரிப் பெட்டியில் ஆரம்பித்தது. புத்தம் புது நீராவி இஸ்திரிப் பெட்டி, ஒரு டீயும் பன்னும் வாங்குகிற காசுக்கு இணைய ஏலத்தில் வாங்கினேன் என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் தூக்கித் தூக்கிக் காட்டினார். அந்த டீக் காசுக்கு முன்னால் எவ்வளவு விட்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கும் அந்த ஏலத் தளத்தின் இணைப்பை அனுப்பினார், பெரிய மனசு என்று நினைத்தேன், ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் அவருக்குப் பத்து தட்டு இலவசம் என்பது பிறகுதான் தெரிந்தது. தட்டு என்றால் சாப்பிடுகிற தட்டு இல்லை, திரையில் விரலால் தட்டுகிற தட்டு. பொருளுக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம் பதினைந்திலிருந்து கீழே ஓடும். யாராவது தட்டினால் விலை ஒரே ஒரு காசு ஏறும், கடிகாரம் மறுபடி பதினைந்துக்குப் போகும். பூஜ்யத்துக்கு வரும்போது கடைசியாகத் தட்டினவர் யாரோ அவருக்குப் பொருள். ஒரு காசுதானே என்று தோன்றும் இல்லையா, அங்கேதான் இருக்கிறது சூட்சுமம், தட்டுவதற்கே தட்டு வாங்க வேண்டும். நூறு நூறாகக் கட்டிவைத்து விற்கிறார்கள், ஒவ்வொரு தட்டுக்கும் அறுபது காசு. பொருள் கிடைக்காவிட்டாலும் தட்டினது தட்டினதுதான், திரும்பி வராது. அதாவது திரையில் விலை ஒரு ஜோடி செருப்பு விலையில் நிற்கும்போது, எல்லாருடைய தட்டையும் சேர்த்தால் கம்பெனிக்கு அறுபது ஜோடிச் செருப்புப் பணம் போய்ச் சேர்ந்திருக்கும். இந்தக் கணக்கை இப்போது எவ்வளவு தெளிவாகப் போடுகிறேன் பார், அப்போது ஒரு மண்ணும் தோன்றவில்லை.

நான் கேட்டது ஒரு நாற்காலி. உட்கார்ந்தால் கழுத்திலிருந்து குதிகால் வரை தானே பிடித்துவிடுமாம், படத்தில் ஒரு பெண்மணி கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா பிஸ்கட் ஃபாக்டரியில் உறை ஒட்டுகிற மிஷின் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறாள், சாயங்காலம் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகு போச்சுங்க என்பாள். அவள் அந்தப் பெண்மணி மாதிரி ஒரு நாள் கண்ணை மூடிச் சிரிக்கட்டுமே என்று நினைத்தேன், அது மட்டும் பொய்யில்லை. சிவப்பு மை என்று எனக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு இறங்கினேன். அவளுக்குத் தெரியாமல் வாங்கி அசத்த வேண்டும் என்பதால் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். வயிறு சரியில்லையா என்று கேட்டுக் கேட்டு அவள் எனக்கு நாலு நாள் கஞ்சியே கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் யாருமே இல்லை, கூடத்திலேயே சோபாவில் சாய்ந்து தட்டியிருக்கலாம், பழக்க தோஷம், குளியலறைக்குள்தான் போய் உட்கார்ந்தேன். ஏலம் சூடு பிடித்திருந்தது. நான் தட்டினேன். மேலே இருந்து, காற்று வருகிற சந்து வழியாக, அடச்சே என்று ஒரு குரல். நான் கண்டுகொள்ளவில்லை. மறுபடி தட்டினேன், மறுபடி அடச்சே. முத்துப்பல் என்று ஒருவர் எனக்கு மேலே தட்டினார், உடனே எனக்குக் கீழே யாரோ வாளியை உதைத்த சத்தம். சோதித்துப் பார்க்கலாம் என்று மூன்றாவது தடவையும் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்தேன், மேலே அடச்சே, கீழே வாளி, அதற்கும் கீழே தையல்காரர் குரலில், எவண்டா இந்தச் சிவப்பு மை. பொறுக்க முடியாமல் சந்துப் பக்கம் வாயை வைத்து, நான்தாங்க சிவப்பு மை என்றேன். பிறகு மூன்றாம் மாடிப் பல் டாக்டர் மெதுவாக, சார் நீங்களா, நான் முத்துப்பல் என்றார். முதல் மாடியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அம்மா, நான் நாலாவது கியர் என்று ஒப்புக்கொண்டார். தையல்காரர் ஊசிமுனை. ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக, நான்கு குளியலறையில் நான்கு பேர், அவரவர் வீட்டு ஆட்களுக்குத் தெரியாமல், ஒருவர் பணத்தை ஒருவர் கரைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அங்கேயே சந்து வழியாகப் பேச்சுவார்த்தை நடந்தது. எல்லாரும் நிறுத்திவிடலாம், ஒருவர் மட்டும் எடுக்கட்டும், நாற்காலியை முறை வைத்து அனுபவிக்கலாம் என்று டாக்டர் சொன்னார், காலை நேரம் தனக்கு வேண்டும் என்றும் சொன்னார். நாலாவது கியர் அம்மா, நாள் பூரா பிரேக் மிதிக்கிறவ நான், காலை எனக்குத்தான் என்றார். இல்லாத நாற்காலிக்கு இருபது நிமிஷம் கால அட்டவணை போட்டுச் சண்டை பிடித்தோம். இதில் அந்த நாற்காலி முப்பத்தாறு அங்குல அகலம், எங்கள் எல்லார் வீட்டு வாசலும் முப்பது அங்குலம், அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. இதற்கிடையில் ஏலம் கைநழுவிவிடக் கூடாது என்று முறை போட்டுத் தட்டிக்கொண்டும் இருந்தோம், ஏனென்றால் ஐந்தாவதாக ஒரு ஆள் விடாமல் தட்டினார். பெயர் பச்சைக்கிளி. யாருங்க பச்சைக்கிளி என்று கேட்டால் நாலு பேருமே சத்தியம் செய்கிறோம், நாலு பேருமே மற்ற மூன்று பேரை நம்பவில்லை. யாரோ இரண்டு போன் வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார் என்று முடிவாகி எல்லாரும் படிக்கட்டுக்கு வந்தோம். தையல்காரர் பித்தான் போடுகிற தகர டப்பாவைக் கொண்டுவந்தார், என் போனைத் தவிர எல்லாப் போனும் அதற்குள் போயிற்று, சட்டைப் பைகளையும் தடவிப் பார்த்துக்கொண்டோம். நான் எல்லார் முன்னாலும் ஒரே ஒரு தட்டு தட்டினேன். பதினைந்து, பத்து, ஐந்து, நாலு, மூன்று என்று இறங்கியது, டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு. பச்சைக்கிளி தட்டிவிட்டது.

அப்படியானால் நாலாம் மாடிக் கணக்கு டீச்சர்தான் என்று நாலாவது கியர் அம்மா மேலே ஓடினார். டீச்சர் வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தாராம், அவரிடம் இருப்பது இணையமே இல்லாத பழைய பித்தான் போன். பச்சைக்கிளியை எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்க என்று இவர் அதட்டினதும், நான் பறவை எதுவும் வளர்க்கலையே என்று பயந்துபோய் ஈரக் காலோடு அவரும் கீழே வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து உன் அம்மா சித்தி வீட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். படியில் நான்கு பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறோம், ஒரு டீச்சர் ஈரக் காலோடு நிற்கிறார், நடுவில் ஒரு டப்பா. என்ன நடக்குது இங்க என்றாள். நான் வாயைத் திறக்கும் முன்னால் தையல்காரர், உங்க வீட்டுக்காரர் முந்நூறு தட்டு வாங்கியிருக்காருங்க என்று போட்டுக்கொடுத்துவிட்டார். முந்நூறு தட்டா, யாருக்குங்க சோறு போடப் போறோம் என்றாள். அசடு வழிய எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, பையைக் கூடக் கீழே வைக்காமல், போனைக் காட்டுங்க என்று வாங்கி என்னைத் தட்டச் சொன்னாள். ஏழெட்டுத் தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள், இது ஆள் இல்லைங்க, மிஷின். மூணுலயும் தட்டல, ஒண்ணுலயும் தட்டல, ஒவ்வொரு தடவையும் ரெண்டுலதான் தட்டுது, மனுஷக் கைன்னா ஒரு தடவையாவது பிசகும், எங்க ஃபாக்டரி மிஷின் இப்படித்தான் எண்ணி எண்ணி ஒட்டும் என்றாள்.

அடுத்து அவள் கேட்டதுதான் என்னைக் கொன்றுவிட்டது. மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு வைக்கிற பொடி எழுத்துச் சீட்டை நாற்பது வருஷமா பிழை திருத்துற ஆளாச்சே, இவங்க சீட்டைப் படிச்சீங்களா என்றாள். நான் படிக்கவில்லை அம்மாடி. ஊரில் ஒருத்தரும் படிக்காததைச் சம்பளத்துக்குப் படிக்கிறவன், சம்மதம் என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருக்கிறேன், அந்த ஒரு தட்டு மட்டும்தான் இலவசம். மற்றவர்கள் என் போனில் முறை போட்டுத் தட்டிக்கொண்டிருக்க, நான் உருப்பெருக்கியைக் கொண்டுவந்து அம்மா போனில் அந்த ஒப்பந்தத்தைத் திறந்து படியிலேயே உட்கார்ந்து உரக்கப் படித்தேன். ஏலத்தின் விறுவிறுப்பைக் காக்க நிறுவனமே தானியங்கிக் கணக்குகள் வழியாகப் பங்கேற்கலாம் என்று ஒன்பதாவது பக்கத்தில் இருந்தது. ஏழு நாளைக்குள் வேண்டாம் என்று எழுதித் தெரிவிக்காவிட்டால் மாதச் சந்தா தானாகவே பிடிக்கப்படும், உனக்கு வந்த தகவல் அதுதான். மிச்சமிருக்கும் தட்டுகள் முப்பது நாளில் செத்துவிடும். ஜெயித்தாலும் அந்த விலையைத் தனியாகக் கட்ட வேண்டும், அனுப்புகிற செலவு, கட்டுகிற செலவு, கையாளுகிற செலவு என்று மேலும் மூன்று. படத்தில் இருப்பது வெறும் மாதிரிதான், வருகிற பொருள் வேறாக இருக்கலாம். அந்த இடத்தில் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாரும் தட்டுவதை நிறுத்தினோம். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது, வாழ்த்துகள் பச்சைக்கிளி என்று திரை பூராவும் பூவாகக் கொட்டியது. அரை மணியில் அதே நாற்காலி, அதே பெண்மணி, இன்னும் ஒன்றே ஒன்று மட்டும் என்று மறுபடி ஏலத்துக்கு வந்தது. டாக்டர் கை தன்னையறியாமல் டப்பா பக்கம் போனதை நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்துவிட்டு டப்பா மூடி மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அம்மாவும் நானும் வங்கிக்குப் போனோம். அங்கே ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு அட்டையை முடக்கினாள், அட்டை உயிரோடு இருக்கும் வரை சந்தா போய்க்கொண்டேதான் இருக்குமாம். அட்டை உன் பெயரில் இருப்பதால் ஒரு படிவத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும், இதோடு வைத்திருக்கிறேன். சந்தாப் பணம் திரும்ப வர வழி இருக்கிறதாம், தட்டுப் பணம் போனது போனதுதான். நுகர்வோர் புகார் அலுவலகத்திலும் நாலு பேரும் சேர்ந்து எழுதிக்கொடுத்தோம், சம்பவம் நடந்த இடம் என்ற கட்டத்தில் குளியலறை என்று எழுதினதைப் பார்த்து அந்த அதிகாரி எங்களை ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார். கம்பெனிக்கும் நான் ஒரு நீண்ட புகார் எழுதினேன், எழுதுகிற வேகத்தில் கை சும்மா இருக்காமல் அவர்கள் ஒப்பந்தத்தில் இருந்த பதினேழு எழுத்துப் பிழையையும் பட்டியல் போட்டு இணைத்துவிட்டேன். இரண்டே நாளில் பதில் வந்தது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பிழைகளைச் சுட்டியதற்கு நன்றி என்று சொல்லி ஐம்பது தட்டு இலவசமாகப் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன், பதினேழையும் அழகாகத் திருத்தியிருக்கிறார்கள். இந்த மாதம் நான் வேலை பார்த்ததில் ஒழுங்காக அச்சேறியது அது ஒன்றுதான். அந்த ஐம்பதையும் தொடாமல் கணக்கை மூடிவிட்டேன், வேண்டுமானால் அம்மாவைக் கேட்டுக்கொள், அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

நாலு நாள் அம்மா என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை, கஞ்சியும் நின்று போயிற்று, எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. நேற்று சாயங்காலம் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் என்ன வாங்கலாம் என்று யோசிக்கிற முகத்தோடு நின்றேன் போலிருக்கிறது. சொன்னாள், முதுகு வலிக்குதுன்னு நான் சொல்றது நாற்காலி கேட்டு இல்லைங்க, உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவேன், கேட்டுக்கிட்டா போதும் என்றாள். இவ்வளவு வருஷத்தில் இந்தப் பொடி எழுத்தையும் நான் படிக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே வலிக்குது, எப்போதிலிருந்து வலிக்குது என்று கேட்டேன், அடுப்பில் இருந்தது அடிப்பிடிக்கிற வரை சொன்னாள். வருகிற வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், பல் டாக்டரிடம் இல்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு மறக்காமல் உடனே அனுப்பு. எதற்கும் சம்மதம் என்று தட்டும் முன் கடைசி வரி வரைக்கும் படி, தலை சுற்றினால் எனக்கு அனுப்பு, படித்துச் சொல்கிறேன். நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் நாள் தவறாமல் நினைத்துக்கொள்கிறோம். போனில் நீ எப்போதும் நல்லா இருக்கேன்பா என்றே சொல்கிறாய். உனக்கும் எங்கேயாவது வலித்தால் சொல்லு குட்டிம்மா. நான் எதையும் வாங்கி அனுப்ப மாட்டேன். கேட்டுக்கொள்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா