வாரத்துக்குக் கால் சுற்று

சரவணம்பட்டி,
12-12-1999, ஞாயிறு.

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இந்தக் கடிதம் கைக்கு வரும் வேளையில் நீயும் மாப்பிள்ளை பிரவின்குமாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மருதமலை முருகனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். இனியாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. உன் தங்கையின் பல் விஷயத்தில் ஒரு தப்பு நடந்துபோய்விட்டது, அதைச் செய்தவன் நான். அதை உன்னிடம் சொல்லிவிட்டு உன்னை ஒன்று கேட்க வேண்டும். நடந்ததை முதலில் இருந்து சொன்னால்தான் நான் ஏன் கேட்கிறேன் என்று உனக்குப் புரியும், அதனால் அப்பா என்னவோ வளவளவென்று எழுதுகிறார் என்று நினைக்காமல் முழுசும் படி.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்தால் ஒரு மணி நேரம் தாங்குகிறது. தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் வேலை குறைச்சல், பம்ப் செட் ஆர்டர் முன்னைப் போல் இல்லை, ஆனாலும் எட்டு மணிக்குப் போய் நின்றாக வேண்டியிருக்கிறது. நின்று நின்று எனக்கும் இடுப்பு விட்டுப்போகிறது. இருபத்தெட்டு வருசம் ஒரே லேத் முன்னால் நின்றவனுக்கு வேறு என்ன வரும். இந்த மூன்று நாளாக அந்த அலுப்போடு இதுவும் சேர்ந்து, எதிலும் மனசு ஒட்டவில்லை.

இனியாவுக்கு ஜூலை மாதம் பிளேட் போட்டது உனக்குத் தெரியும், ஆனால் நீ அதைப் பார்த்ததில்லை. இளஞ்சிவப்பு பிளாஸ்டிக்கில் அண்ணத்தோடு ஒட்டி உட்காருகிற மாதிரி செய்திருக்கிறார்கள், முன்பல்லுக்கு மேலே ஒரு கம்பி வரும். சாப்பிடவும் பல் விளக்கவும் கழற்றிக்கொள்ளலாம், மற்ற நேரமெல்லாம் வாயில் இருக்க வேண்டும். பிளேட் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும், இரண்டு பாதியையும் சேர்த்து ஒரு குட்டி ஸ்க்ரூ. வாரம் ஒருமுறை ஊசி கனத்தில் இருக்கிற சாவியை அதன் துளையில் விட்டு, அம்புக்குறி காட்டுகிற பக்கம் கால் சுற்று தள்ள வேண்டும். தாடை கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற பல்லுக்கெல்லாம் இடம் கிடைக்கும். ஒன்றரை வருசம் ஆகும் என்று டாக்டர் தாஜுன்னிசா சொன்னார்கள். நீ முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாயே, அங்கே கம்பியே இல்லாமல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் அச்சு செய்து, இரண்டு வாரத்துக்கு ஒன்று மாற்றிப் போட்டுப் பல்லை நகர்த்துகிறார்கள், போட்டிருப்பதே வெளியே தெரியாது, பத்திரிகையில் பார்த்தேன் அப்பா, இனியாவுக்கு அது கிடைக்குமா என்று, அதையும் டாக்டரம்மாவிடம் அப்போதே கேட்டேன். அவர்களும் படித்திருக்கிறார்களாம், இன்னும் கண்ணில் பார்த்ததில்லையாம், நம்மூருக்கு வர நாளாகுமாம். வந்தாலும் அதுவும் இதே மாதிரிதானுங்க, துளித்துளியாத்தான் தள்ளும், பல்லுகிட்ட மட்டும் அவசரம் ஆகாதுங்க என்றார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். தலையாட்டுவதில் நான் குறை வைத்ததே இல்லை.

ஸ்க்ரூ என்று சொன்னதுமே எனக்கு அது என் சாமான் ஆகிவிட்டது. டாக்டரம்மா கொடுத்த சாவி கையில் வழுக்குகிறது என்று லேத்தில் பித்தளையில் ஒரு கைப்பிடி கடைந்து அதில் மாட்டினேன். ஒர்க்‌ஷாப்பில் எல்லாரிடமும் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்காருவேன், இனியா பிளேட்டைக் கழுவி டம்ளரில் போட்டு எடுத்து வருவாள், நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கால் சுற்று திருப்புவேன், அவள் வாயில் போட்டுக்கொண்டு டாக்டரம்மா கொடுத்த அட்டையில் ஒரு டிக் அடிப்பாள். நீ போன பிறகு இந்த வீட்டில் நானும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற வேலை என்று இருந்தது அது ஒன்றுதான். வெர்னியரை வைத்து அளந்தும் பார்த்தேன், கால் சுற்றுக்குப் பாயிண்ட் இரண்டு மில்லி.

அவள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் செய்தி வாசிக்கிறவள் என்பது உனக்குத் தெரியுமே. பிளேட் போட்ட பிறகு நாக்கு சரியாகப் புரளவில்லை, பிள்ளைகள் சிரித்தார்கள் என்று அவளாகவே டீச்சரிடம் சொல்லி நின்றுகொண்டாள். வீட்டில் அழவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒன்றரை வருசம் எதற்கு, வாரம் மூன்று தரம் திருப்பினால் ஆறு மாதத்தில் முடிந்துபோகுமே என்று கணக்குப் போட்டேன். ஆயுத பூஜை கழிந்த புதன்கிழமை, அவள் சாப்பிட உட்கார்ந்தபோது டம்ளரில் கிடந்த பிளேட்டை எடுத்து யாருக்கும் தெரியாமல் கால் சுற்று திருப்பினேன். வெள்ளிக்கிழமையும் திருப்பினேன். அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் புதன், வெள்ளி, ஞாயிறு. அட்டையில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் டிக். நவம்பரில் டாக்டரிடம் போக வேண்டிய நாளை, ஒர்க்‌ஷாப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். வேலை ஒன்றும் இல்லை. தாடை நன்றாக அகன்ற பிறகு ஒரேயடியாகக் கொண்டுபோய்க் காட்டி டாக்டரம்மாவை அசத்த வேண்டும் என்று ஆசை.

தீபாவளிக்கு அம்மா சுட்ட முறுக்கை இனியா தொடவில்லை. ஏங்கண்ணு, உனக்குப் புடிச்ச முறுக்குதானே என்று அம்மா கேட்டதற்குப் பசியில்லீங்மா என்றாள். அதற்கப்புறம் ரசம் சோறும் தயிர் சோறும்தான். இந்த வயசுப் பிள்ளைகள் மெலிய வேண்டும் என்று இப்படித்தான் செய்யும் என்று நான் அம்மாவுக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

வியாழக்கிழமை டாக்டரிடம் போனோம். பித்தளைக் கைப்பிடியைப் பார்த்து முதலில் பாராட்டினார்கள், நான் பூரித்துப்போய் நின்றேன். பிறகு பிளேட்டை வாயில் வைத்துப் பார்த்தால் அது அண்ணத்தில் உட்காராமல் ஆடியது. பிளேட்டின் இரண்டு பாதிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தார்கள். அட்டையில் இருபத்து மூன்று டிக், நாலரை மில்லிதான் இருக்க வேண்டும், இங்கே ஏழரை இருக்கிறது, இது எப்படிங்க என்று என்னைப் பார்த்தார்கள். இனியாவும் என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன். பதினைந்து தரம் அதிகம் திருப்பியிருக்கிறேன் என்று எண்ணிக்கையோடு சொன்னேன். டாக்டரம்மா சத்தம் போடவில்லை. ஏனுங்க, இது பாப்பாவோட எலும்புங்க, உங்க இரும்பில்லீங்க, பல்லு நகந்த எடத்துல எலும்பு வளந்து நிக்கோணும், அதுக்குத்தானுங்க வாரக்கணக்கு, இப்படிச் செஞ்சுபோட்டீங்களே என்றார்கள். பக்கவாட்டில் ஒரு பல் ஆடுகிறது. எக்ஸ்ரே எடுத்தார்கள். அனேகமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் உறுதியாக இப்போது சொல்ல முடியாது, இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும் என்கிறார்கள். அவள் வாயில் இருந்த ஒரு நல்ல பல், ப்ரியா. கோணலாக இருந்தாலும் உறுதியாக இருந்த பல்.

பிறகு அந்த அம்மா என் சாவியையே வாங்கி ஸ்க்ரூவைப் பின்பக்கமாகத் திருப்பினார்கள். பன்னிரண்டு தரம் திருப்பி, ஒவ்வொரு தடவையும் பிளேட்டை வாயில் வைத்துப் பார்த்து, உட்கார்ந்ததும் நிறுத்தினார்கள். பின்பக்கமாகவும் திருப்பலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. இந்த இரண்டு மாதம் ஒன்றும் திருப்பக் கூடாதாம். அதற்கப்புறம் சாவி பாப்பா கையிலதானுங்க இருக்கோணும், வலிச்சாத் திருப்பாதே கண்ணு என்று சொல்லி இனியாவிடமே கொடுத்துவிட்டார்கள். அவள் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள்.

காந்திபுரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, ஏம்மணி, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நான் திருப்புனது உனக்குத் தெரியவேயில்லையா என்று கேட்டேன். மொதப் புதன்கிழமையே தெரியுமுங்கப்பா, வாயில போட்டவொடனே தெரிஞ்சுபோச்சு என்றாள். பின்னே ஏன் சொல்லவில்லை என்றேன். நீங்க அவ்வளவு ஆசையாச் செய்யறீங்க, எப்புடிச் சொல்றதுங்க என்றாள். பஸ் கணபதி ஸ்டாப்பைத் தாண்டியிருக்கும், நான் கேட்காமலே, அக்காவும் அப்புடித்தானுங்களே, அவளும் ஒண்ணும் சொல்லலீங்களே என்றாள். அக்கா என்ன சொல்லவில்லை, உன்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஒண்ணுமில்லீங்கப்பா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரவணம்பட்டி வரைக்கும் திரும்பவில்லை. நானும் விடாமல் கேட்டுக் குடைந்திருப்பேன், எப்போதும் அதுதானே செய்வேன், அன்றைக்கு விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ராமாமணி பதறுவாள் என்று நினைத்தேன், அவள் உன் கடிதக் கட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். எல்லாத்துலயும் வெயிலும் குளிரும்தானுங்க இருக்குது, அவ எங்க இருக்கறா இதுல என்றாள். அவள் இதை எப்போதோ பார்த்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. நான் உட்கார்ந்து பதினெட்டுக் கடிதத்தையும் மறுபடி படித்தேன். எல்லாம் நலம், இங்கே குளிர், மாப்பிள்ளைக்கு ஆபீசில் வேலை அதிகம், இனியாவின் பல் எப்படி இருக்கிறது. நீ சமைத்தது, நீ போன இடம், நீ சிரித்தது என்று ஒரு வரி இல்லை. போனில் பேசும்போதும் நாங்கள் கேட்பதற்கெல்லாம் ஆமாங்க, ஆமாங்க என்றுதான் சொல்கிறாய். அதை நான் அடக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

உன் கல்யாணத்தை நினைத்துப் பார்த்தேன். வெளிநாட்டில் இருந்து வந்த மாப்பிள்ளைக்கு இருபத்தொரு நாள்தான் லீவு. திங்கட்கிழமை பெருந்துறையில் இருந்து வந்து உன்னைப் பார்த்தார்கள், வெள்ளிக்கிழமை உறுதி செய்தோம், பன்னிரண்டாம் நாள் முகூர்த்தம். உனக்கு எம்.எஸ்ஸி. முடிய ஒரே ஒரு செமஸ்டர் பாக்கி. ஒரு வருசத்து வேலையை இரண்டு வாரத்தில் முடித்தேன் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். உன்னைக் கேட்காமல் செய்யவில்லை, சரியா அம்மணி என்று கேட்டேன், நீ சரிங்கப்பா என்றாய். ஆனால் கேட்கும்போதே நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன், மண்டபம் பேசப் போவதற்கு. அது நேற்றுத்தான் ஞாபகம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கேட்கிற அப்பனிடம் எந்தப் பிள்ளை வேறு பதில் சொல்லும்.

மாப்பிள்ளையை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். படிப்பை விட்டதுதான் உன்னை அரிக்கிறதோ, அந்த ஊரில் பகல் பூராவும் தனியாக இருப்பதோ, வேறு ஏதோ, எனக்குத் தெரியாது. நானாகக் கணக்குப் போட்டு ஒன்று நினைத்துக்கொண்டு அதைச் சரி செய்யக் கிளம்ப மாட்டேன், அது போதும். நான் கேட்க நினைத்தது இவ்வளவுதான். உனக்கு எங்கே வலிக்கிறது? வீட்டு விலாசத்துக்கு எழுத யோசனையாக இருந்தால் ஒர்க்‌ஷாப் விலாசத்துக்குப் போடு. நீ சொன்னால் நாளைக்கே பெருந்துறைக்குப் போய்ச் சம்பந்தி வீட்டு வாசலில் நிற்க மாட்டேன், என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். ஒன்றும் செய்ய வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும் என்றாலும் சரி. கொஞ்ச நாள் இங்கே வந்து இருக்க வேண்டும் என்றாலும் சரி, பாதியில் நிற்கிற படிப்பை வந்து முடிக்க வேண்டும் என்றாலும் சரி. உன் கட்டிலை இனியா இன்னும் யாருக்கும் விடவில்லை, அவளும் தரையில்தான் படுக்கிறாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, திருப்புகிற வேலை இல்லை. இனியா உள்ளே தயிர் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு மனசு நிறைந்து வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். வெளியே போனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் ஒன்று செய். பதில் எழுதும்போது நலம் என்று ஆரம்பிக்காதே கண்ணு. எங்கே வலிக்கிறதோ அங்கிருந்தே ஆரம்பி.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு அவசரப்படாமல் காத்திருக்கும் அப்பா,
மருதாசலம்.