உன் துவர்த்தும் என் கேமராவும்

மக்கா,

நேற்று அமரவிளையில் உன் வீட்டில் உன் நினைவு ஜெபம் முடிந்து சாப்பிட்டோம். கை கழுவி வந்த எனக்கு உன் மனைவி ஒரு துவர்த்தை நீட்டினாள். வெளுத்து நைந்த பழைய துண்டு. துடைத்த பிறகும் விரல்கள் வழுவழுத்தன. முகர்ந்து பார்த்தேன். எதையும் முகர்ந்து பார்த்துத்தான் நம்புவேன் என்று நீ கேலி செய்வாயே, அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. தேங்காய் எண்ணெய். உன் தலையின் வாசனை.

இது அவனுடையதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள், முடிக்கும்போது குரல் உடைந்திருந்தது.

"அவருக்கு எதத் தொடச்சாலும் இதாக்கும் வேணும் அண்ணா. கண்ணாடி, போன், வேதப்புத்தகத்துக்க அட்ட, எல்லாம். கம்பெனியில ஒங்களுக்க கேமராவயும் இதக் கொண்டுதான் தொடப்பேன்னு சொல்லுவாரு."

அதற்குப் பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பாறசாலையில் என் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதே நினைவில் இல்லை.

வடக்கே அந்த உருக்காலையில் நம் பக்கத்துத் தமிழ் பேச நீயும் நானும்தான் இருந்தோம். கிரேனுக்குக் கீழே நின்று கைச்சாடை காட்டுவது உன் வேலை. உருகிய எஃகைச் சுமந்து வரும் பெரிய வாளியின் உள்செங்கல் எங்கே தேய்ந்திருக்கிறது என்று அகச்சிவப்புக் கேமரா வழியாகப் பார்ப்பது என் வேலை. செங்கல் தேய்ந்த இடத்தில் வாளியின் வெளித்தகடு அதிகம் சுடும். கண்ணுக்குத் தெரியும் முன்பே கேமரா அதைத் திரையில் சிவப்பாகக் காட்டிவிடும். காட்டாவிட்டால் தகடு பிய்ந்து, கீழே நிற்பவர்கள் மேல் எஃகு கொட்டும். முதல் ஆளாக நிற்பவன் நீ.

கேமராவை மாட்டிய அன்று நீ சொன்னாய்: "எலே, சூட்டப் பாக்க எனக்க கண்ணு போதும். இது ஒனக்க பிள்ளையாக்கும், நீயே கொஞ்சு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். இன்னொரு நாள், பிள்ளைக்கு முகம் கழுவி விட ஆள் இல்லை என்றாய். அதில் என்ன உள்குத்து என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ சொன்னது வெறும் உண்மை. கேமராவின் கண்ணாடியில் தூசி படியாமல் காற்று ஊத வேண்டிய குழாய் எப்போதும் அடைத்துக் கிடந்தது. துடைப்பதற்கென்று வந்த திரவமும் துணியும் என் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. வாரம் ஒருமுறை ஏறித் துடைக்க வேண்டியவன் நான். மாதம் ஒருமுறைகூட ஏறவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. திரையில் வாளி எங்கும் சிவப்பில்லாமல் நல்ல நிறத்தில் இருந்தது. கீழே நின்ற நீ, தகடு சிவந்து வருவதை வெறுங்கண்ணால் பார்த்து, ஆட்களை விரட்டி, கிரேனை நிறுத்தி, வாளியைக் குழிப் பக்கம் இறக்க வைத்தாய். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

நான் மட்டும் மேலே ஏறிப் பார்த்தேன். கேமராவின் கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் படலம், அதன்மேல் தூசி. அது சூட்டை மறைத்துத் திரையில் குறைத்துக் காட்டியிருக்கிறது. கிரேனின் கிரீஸ் என்று முடிவு கட்டினேன். எதையும் முகர்ந்து பார்க்கிற நான் அன்று முகரவில்லை. மற்றவர் கண்ணில் படாத இடத்தை நீ மட்டும் எப்படிச் சரியாகப் பார்த்தாய்? உன் கண்ணே போதும் என்று காட்ட, கேமராவைக் கெடுத்துவிட்டுக் காத்திருந்ததால்தான் என்று கணக்குப் போட்டேன். அறிக்கையில் 'வேண்டுமென்றே' என்று எழுதினேன்.

விசாரணையில் கேமராவைத் தொட்டாயா என்று கேட்டார்கள். தொட்டதுண்டு, தினமும் துடைத்ததுண்டு என்றாய். நான் சிரித்தேன். தினமும் துடைத்த கண்ணாடியில் எண்ணெய் எப்படி வந்தது என்று நானே கேட்டேன். நீ அதிகாரிகளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாய்.

"அதாக்கும் மக்கா எனக்கும் தெரியல்ல."

அப்போதும் அந்தத் துவர்த்து உன் கழுத்தில்தான் கிடந்தது. அந்த அறையில் நான் சந்தேகப்படாத பொருள் அது ஒன்றுதான். உன்னைப் பழைய இரும்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். கடைசி வரை அங்கேயே இருந்தாய்.

அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஊர் வரும்போது ரயிலில் வேறு பெட்டியில் ஏறுவாய். ஆனாலும் நெய்யாற்றின்கரையில் இறங்கியதும் என் ஜன்னலைத் தேடி வந்து, "வாறேன் மக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போவாய். குற்றம் செய்தவன் குழைகிறான் என்று அதையும் சந்தேகப்பட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் கேமராவை அந்த ஆலையில் நம்பியவன் நீ ஒருவன்தான். நம்பியதால்தான் ஏறி ஏறித் துடைத்தாய். இந்த எண்ணெய்த் துவர்த்தால் துடைத்துத் துடைத்தே அதைக் குருடாக்கினாய். அது தெரியாமலே போய்விட்டாய். தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய், என்னையும் மன்னித்திருப்பாய்.

துவர்த்தைக் கேட்டு வாங்கி வந்தேன். இன்று காலை அதைக் கொண்டு என் மூக்குக் கண்ணாடியை நன்றாகத் துடைத்து, போட்டுக்கொண்டு முற்றத்தைப் பார்த்தேன். எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. பார்த்தாயா, இன்றும் சோதித்துப் பார்த்த பிறகுதான் உன்னை நம்பியிருக்கிறேன்.