மெழுகுவத்தி அணைந்த பிறகு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் உன் மகளும் நலம். சலவைக்கூடத்தில் வெந்நீர் பட்ட உன் கை ஆறிவிட்டதா? களிம்பு தடவாமல் கையுறையை மாட்டாதே.

போனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். நீ இடைவேளையில் அவசரமாகப் பேசுவாய். எனக்கோ உன்னிடம்கூட வாய் வராது.

உன் மகள் டீச்சரை எதிர்த்துப் பேசிவிட்டாள் என்று பள்ளியிலிருந்து செய்தி வந்ததும், "மன்னிப்புக் கேக்கச் சொல்லுடி, நமக்கு எதுக்கு வம்பு?" என்றாய். என்ன நடந்தது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சமையலறையில் ஏதாவது சோதனை செய்து பார்ப்போம். உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டோம். வினிகரில் முட்டை ஓட்டைக் கரைத்தோம். அந்த வாரம் முழுக்க முட்டையைப் பார்த்தாலே எனக்கு ஓடத் தோன்றியது. பிறகு ஒரு நாள் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, மேலே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தோம். சுடர் அணைந்தது, தண்ணீர் தம்ளருக்குள் ஏறியது. ஆக்சிஜன் எரிந்து தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்று விளக்கினேன். நான் படித்தது அதுதான். பரீட்சையில் அதை எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அவள் மூக்கு தட்டில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டு, "சித்தி, எரியறப்போ ஏறவே இல்லையே. அணைஞ்சப்புறம்தானே விறுவிறுன்னு ஏறுது?" என்றாள். ஒன்பது தரம் செய்து பார்த்தோம். ஒவ்வொரு தரமும் அவள் சொன்னதுதான் நடந்தது. கவிழ்த்தவுடன் விளிம்பில் குமிழிகள் வருவதையும் அவள்தான் காட்டினாள். சூட்டில் விரிந்த காற்று கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது. பட்டம் வாங்கிய எனக்கு இதைப் புரியவைக்கப் பத்து வயதுப் பெண் வேண்டியிருந்தது.

வகுப்பில் டீச்சரும் அந்தப் பழைய விளக்கத்தையே சொல்லியிருக்கிறார். இவள் எழுந்து, தான் பார்த்ததைச் சொன்னாள். "புத்தகத்தைவிட உனக்கு அதிகம் தெரியுமோ?" என்று வெளியே நிற்கவைத்துவிட்டார். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மறுநாள் பையில் தட்டு, தம்ளர், மெழுகுவத்தி எல்லாம் எடுத்துக்கொண்டுதான் அவளோடு போனேன். டீச்சர் தயாராக எழுதிவைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தை நீட்டி, "டிகிரி முடிச்சவங்கதானே நீங்க? பிள்ளைக்கு அடக்கம் சொல்லிக் குடுங்க" என்றார். பையை நான் திறக்கவே இல்லை. 'இனி எதிர்க்கேள்வி கேட்கமாட்டாள்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது, "அப்போ நாம பார்த்தது பொய்யா, சித்தி?" என்று கேட்டாள்.

இரண்டு ஞாயிறு போய்விட்டது. கூப்பிட்டால், "படிக்கணும் சித்தி" என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். இப்போது ரொம்ப சாதுவாகிவிட்டாள் என்று விடுமுறை விடுவதற்கு முன் டீச்சர் பாராட்டியிருக்கிறார். உனக்கு அது நிம்மதியாக இருக்கும். எனக்கு இல்லை.

அக்கா, நீ எட்டாவதோடு நின்று வேலைக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அங்கே மூன்று வருடத்தில் ஒரு கேள்விகூட நான் கேட்டதில்லை. கேட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ என்ற பயம். அடக்கமான பெண் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் இவளுக்கு வேண்டாம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அன்றைக்குப் போய் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்கப்போகிறேன். நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. ஆனாலும் போவேன். கோபம் வந்தால் என்னைத் திட்டு, அவளைத் திட்டாதே.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த தரம் பேசும்போது ஒழுங்காக இருக்கிறாயா என்று அவளிடம் கேட்காதே. தண்ணீர் எப்போது ஏறியது என்று கேள். முதலில் ஒன்றுமில்லை என்பாள். விடாமல் கேள். உனக்குப் புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லி இன்னொரு தரம் கேள். அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் போனை வைத்துவிடாதே, அக்கா.

உன் அன்புத் தங்கை